வேணியின் அரிவாள் குறித்த உபகுழு

வேணி அந்தக் கதவுக்கு முன்னால் அரிவாளைத் தூக்கிப் பிடித்தபடி நின்று ஒன்பது மாதம் ஆகிவிட்டது. கை வலிக்கவில்லை. வலிக்குமா வலிக்காதா என்பதை உபகுழு இன்னும் முடிவு செய்யவில்லை.

வேணி என்று உண்மையில் யாரும் இல்லை. அது விஜயராணி எடுத்துக்கொண்ட வேடம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடியில், ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு வேடம். பவனேஷ் கதையை நடத்துவான். "எதிர்ல ஆறு. பாலம் ஒடஞ்சு கெடக்கு. என்னா செய்றீங்க?" என்று கேட்பான். தங்கள் வேடம் என்ன செய்யும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். விளையாட்டு அவ்வளவுதான்.

பவனேஷ் கீழே கடையில் கண்ணாடி பொருத்துகிற பையன். விஜயராணி கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வாங்க வந்தபோது, "மேல ஒரு ஆளு கொறயுதுக்கா, சும்மா வந்து உக்காருங்க போதும்" என்றான். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சும்மா உட்காரத் தெரியும். அம்மா இறந்த பிறகு இரண்டு வருடமாக ஈஜோக்கில் உள்ள வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். போனாள். இரண்டாவது வாரமே வேணி ஆகிவிட்டாள். வேணிக்குப் பத்தொன்பது வயது, படகோட்டியின் மகள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். ஆயுதம், செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், நீளமான கம்பில் கட்டியது. வேறு எந்த ஆயுதத்தையும் விஜயராணி பக்கத்தில் பார்த்ததில்லை.

வாரத்தின் ஆறு நாளும் அவள் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருந்தாள். லோரி வரும். எண்ணைத் தட்டுவாள். 'மாசோக்' என்று ஒலிபெருக்கியில் சொன்னால் உள்ளே போகும், 'கெலுவார்' என்றால் வெளியே போகும். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் பேசாமல் போன நாள்கள் உண்டு. பத்தாங் காலியில் இருக்கும் தங்கை திலகம், தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் தொலைபேசியில் கூப்பிடுவாள். கூப்பிட்டால் அவளே பேசி அவளே முடித்துக்கொள்வாள். அதனால் பவனேஷ் முதல் நாள் அவள் முகத்தைப் பார்த்து "வேணி, நீ என்னா செய்ற?" என்று கேட்டுவிட்டு, கேட்டபடியே காத்திருந்தபோது விஜயராணி தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பதிலுக்காக ஒருவர் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவள் மறந்து போயிருந்தாள்.

ஆயுதங்களுக்குப் பவனேஷிடம் ஒரே விதிதான் இருந்தது. பகடையை உருட்டு, நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் அடி பட்டுவிட்டது, இல்லையென்றால் எதிரி தப்பித்துவிட்டான். பேனாக் கத்தியோ பீரங்கியோ, எல்லாவற்றுக்கும் அதுதான்.

அந்த ஞாயிறு, வேணி ஒரு பழைய உப்புக் கிடங்கின் குறுகலான நடைவழியில் போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு முன்னால் நாலு கைக் காவல்காரன். கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள்.

"என்னான்னு கூப்பிடுறாங்க?" என்று கேட்டாள் விஜயராணி.

"வேணி, வேணின்னு."

"யாரு அது?"

"தெரியாது. ஆனா அவங்களுக்கு ஒன்ன தெரிஞ்சிருக்கு. என்னா செய்ற?"

விஜயராணி "வெட்டுறேன்" என்று பகடையை எடுத்தாள்.

"ஒரு நிமிசம்" என்றான் செல்வா.

செல்வா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். ஓய்வு நேரத்தில் வாள்களைப் பற்றிய காணொளிகள் பார்ப்பான். ஓய்வு நேரம் அவனுக்கு நிறைய இருந்தது. "அக்கா, அந்தக் கம்பு பதினெட்டு அடி. நடவழி ஆறடி. எப்படி லா வீசுவீங்க?"

"கத லா, வுடு" என்றான் பவனேஷ்.

"கதைன்னா? பேனாக் கத்திக்கும் அரிவாளுக்கும் ஒரே பகடையா? கொஞ்சமாச்சும் லாஜிக் வேணாம்?"

"அதானே அழகு? எல்லாத்துக்கும் ஒண்ணு. சிம்பிள்" என்றாள் சந்திரிகா. அவள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர்.

காபி ஆறும் நேரத்தில் அந்த வாக்குவாதம் முடிந்திருக்கும். ஆனால் தேவதாஸ் இருந்தார்.

அந்த மேல்மாடி தேவதாசுடையது. அறுபத்தாறு வயது. இதுவரை மூன்று சங்கங்களுக்குத் தலைவராக இருந்திருக்கிறார். மூன்றும் இரண்டிரண்டாக உடைந்ததால், ஆறு சங்கங்களை உருவாக்கியவர் என்று அழைப்பிதழ்களில் போட்டுக்கொள்வார். விளையாட்டில் எப்போதும் அரசர் வேடம்தான் எடுப்பார். அந்த அரசர் ஒருமுறைகூட அரண்மனையை விட்டு வெளியே வந்ததில்லை. இப்போது அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அன்பு நெஞ்சங்களே" என்றார் மற்ற நாலு பேரையும் பார்த்து. "இன்னிக்கு அரிவாளுக்கு விதி இல்ல. நாளைக்கு ஈட்டிக்கு என்னா விதின்னு ஒருத்தன் கேப்பான். என்னா பதில் சொல்லப் போறோம்? நம்ம சமுதாயம் ஏன் முன்னேறாம கெடக்கு? ஆடிக்கிட்டே இருக்கோம். கூட்டம் போடுறதே இல்ல!"

வேறு இடத்தில் வேறு மனிதர்களாக இருந்தால் பகடையை உருட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் சங்கம் பதிவு செய்தார்கள்.

வடசிலாங்கூர் மேசைக் கதை விளையாட்டு மேம்பாட்டுக் கழகம் இரண்டு மாதத்தில் உருவாயிற்று. தேவதாஸ் தலைவர். சந்திரிகா செயலாளர். செல்வா தொழில்நுட்ப ஆலோசகர். பவனேஷ் பண்பாட்டுப் பிரிவுப் பொறுப்பாளர், அவனுக்கே அது என்னவென்று தெரியாது. பொறுப்பு இல்லாமல் மிஞ்சியது விஜயராணி மட்டும். ஆகவே அவள் பொது உறுப்பினர்கள் ஆனாள். "உறுப்பினர்கள் கேள்வி இருந்தால் கேட்கலாம்" என்று தலைவர் அறிவித்தால் நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இன்னிக்கு ஆடுவோமா?" என்று கேட்பாள்.

"கேள்வி பதிவு செய்யப்பட்டது" என்பாள் சந்திரிகா.

ஆயுத விதி உபகுழுவின் முதல் தீர்மானம், விதிகளில் யதார்த்தமும் எளிமையும் சமமாக இருக்க வேண்டும் என்பது. அது ஒருமனதாக நிறைவேறியது. பிறகு செல்வா யதார்த்தத்தையும், சந்திரிகா எளிமையையும் பொறுப்பெடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

செல்வாவின் அட்டவணையில் அரிவாளின் எடை, நீளம், வளைவு, கைப்பிடி வியர்வையில் வழுக்கும் அளவு எல்லாம் இருந்தன. துருவுக்குத் தனிப் பகுதி. உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், சண்டை நடக்கும் இடம் ஜெராம் கடற்கரையிலிருந்து எத்தனை மைல் என்று பார்த்துக் கழிக்க வேண்டும்.

"வேணி இருக்குற ஊரு கற்பனை லா, அங்க ஜெராம் ஏது?" என்றான் பவனேஷ்.

"அப்ப வேற கடல் ஒண்ணு போட்டுக்கோ. கழிக்கிறது கழிக்கிறதுதான்."

சந்திரிகா எழுதிய விதி ஒரே வரி. 'எல்லா ஆயுதமும் சமம்.' அதற்கு விளக்கம் முப்பத்தொரு பக்கம். "அந்த ஒரு வரிய யாரும் சிக்கலா எடுத்துக்கக் கூடாதுல்ல?" என்றாள்.

தலைவர் இரண்டையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். யதார்த்தம் நாற்பத்து நாலு பக்கம், எளிமை முப்பத்தொன்று. தீர்மானம் மீறப்பட்டிருந்தது. எளிமையை இன்னும் பதின்மூன்று பக்கம் எழுதித் தருமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டார். சந்திரிகா மூன்று மாதம் எழுதினாள்.

விஜயராணி ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். வராமல் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வராவிட்டால் அந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கூட்டக் குறிப்பு வாசிக்கும்போது மனிதக் குரல் கேட்டது. அதுவும் ஒன்றுதான். திங்கள் முதல் சனி வரை, எடைமேடையில் லோரி ஏறி அதிர்வு அடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில், கதவுக்குப் பின்னால் கூப்பிடுவது அவளுக்குக் கேட்கும். யாராக இருக்கும்? அம்மா இல்லை. அம்மா கூப்பிட்டால் ராணி என்பாள், அதுவும் கோபத்தோடு. இது வேணியை அல்லவா கூப்பிடுகிறது. வேணியை அந்த மேல்மாடிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. விஜயராணியைக் கூப்பிட ஆள் இல்லாதபோது வேணிக்கு மட்டும் எங்கிருந்தோ ஒருவர் வந்திருக்கிறார். அவளுக்கு வேணிமேல் லேசாகப் பொறாமைகூட வந்தது.

ஏழாவது மாதம், நேரடி ஆய்வு என்று ஐந்து பேரும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனார்கள். அரிவாள் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை வீசப்படுகிறது என்று செல்வா கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஓர் இந்தோனேசியத் தொழிலாளி குலை வெட்டிக்கொண்டிருந்தார். எதற்காக இதையெல்லாம் எழுதுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். விளையாட்டுக்கு என்றாள் விஜயராணி. யார் ஜெயித்தது என்று கேட்டார்.

"பெலும் மூலா" என்றாள். இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அவர் அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். செல்வா அதையும் குறித்துக்கொண்டான், இடையூறு, நாற்பது விநாடி.

"அக்கா, நீங்க எஸ்டேட்ல பொறந்தவங்க. கள வல்லுநர்னு உங்க பேர போடப் போறோம்" என்றான். "ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் எவ்ளோ நேரம் ஆகும்?"

விஜயராணி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அப்பா இருபத்தாறு வருடம் அப்படி அண்ணாந்து பார்த்தவர். கடைசியில் சோற்றுத் தட்டைக்கூடக் குனிந்து பார்க்க முடியாமல் கழுத்து இறுகிப் போயிற்று. "வீசுறது இல்லப்பா" என்றாள். "மாட்டி இழுக்குறது. கம்பு மேல போனதும் காத்துக்கு ஆடும். அத ஒரே எடத்துல நிறுத்துறதுதான் கஷ்டம். பத்துக் கொல ஆனதும் கையி நடுங்கும். வீட்டுக்கு வந்து தண்ணிக் குவளையப் புடிச்சாலும் நடுங்கும். அப்பாவுக்கு அம்மாதான் குவளையப் புடிச்சுக்குவாங்க."

அதற்கு முன் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. தன் குரலை அவளே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வீசுறது இல்லையா?" என்றான் செல்வா. முகம் வெளுத்திருந்தது. நாற்பத்து நாலு பக்கமும் வீச்சை வைத்து எழுதியவை.

தலைவர் நிலைமையைச் சமாளித்தார். "வல்லுநரோட கருத்த மதிக்கிறோம். ஆனா உண்மைக்காக ஏற்கெனவே நிறைவேத்துன தீர்மானத்த மாத்த முடியாது. மாத்துனா நாளைக்கு ஒவ்வொரு உண்மையும் வந்து நிக்கும்."

குவளை மட்டும் விதியில் சேர்ந்தது. பின்னிணைப்பு மூன்று: நடுக்கம், கழிக்க இரண்டு.

அதற்கு அடுத்த வாரம் பவனேஷ் தனக்கு ஜொகூர் பாருவில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னான். இன்னும் இரண்டு மாதத்தில் போகிறான். தலைவர் பிரியாவிடை உபகுழு அமைப்பது பற்றிப் பேசினார். படியில் இறங்கும்போது பவனேஷ் மெதுவாக, "போறதுக்கு முன்னாடி அந்தக் கதவ எப்படியாச்சும் தொறந்துடலாம்க்கா" என்றான். விஜயராணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவன் போய்விட்டால் இந்த ஊரில் வேணியை நினைவு வைத்திருக்கப்போவது அவள் மட்டும்தான்.

நூல் வெளியீடு அவன் போவதற்கு முந்திய ஞாயிறு நடந்தது. எண்பத்தெட்டுப் பக்கம், யதார்த்தமும் எளிமையும் சரிபாதி. ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினராக வந்த டியூஷன் நிலைய உரிமையாளர், கல்விதான் சிறந்த ஆயுதம் என்று பேசிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார். செல்வா அவசரமாக அட்டவணையைப் புரட்டினான். அதில் கல்வி இல்லை.

பிறகு செயல்முறை விளக்கம். வேணி வெட்டப் போகிறாள்.

இரண்டேகாலுக்குத் தொடங்கினார்கள். கம்பின் நீளம் கழித்தார்கள், வேணியின் வயதைக் கூட்டினார்கள், கடற்காற்றுக்குக் கழித்தார்கள், எளிமைக்காக எல்லாவற்றையும் பாதியாக்கினார்கள், பாதியாக்கியதற்கு யதார்த்தத்தின் சார்பில் ஆட்சேபம் பதிவாயிற்று. வெள்ளைப் பலகை நிறைந்து, சுவரில் தாள் ஒட்டினார்கள். பவனேஷ் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். விஜயராணி பகடையை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள். அது வெதுவெதுப்பாகிவிட்டது. நாலரைக்கு முடிவு வந்தது. வேணியின் அரிவாள் காவல்காரன்மீது பட வேண்டுமானால், பகடையில் ஏழு விழ வேண்டும்.

பகடைக்கு ஆறு பக்கம்தான்.

"யதார்த்தம்னா அப்படித்தான்" என்றான் செல்வா.

"சிம்பிளா சொன்னா, முடியாது" என்றாள் சந்திரிகா. ஒன்பது மாதத்தில் இரு பிரிவும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. தலைவர் கைதட்டினார். வரலாற்றுச் சிறப்புமிக்க நாள் என்றார்.

விஜயராணி பகடையை மேசைமேல் வைத்தாள். "நான் வெட்டல" என்றாள்.

"அக்கா?"

"அரிவாளக் கீழ வைக்கிறேன்."

"ஆயுதத்தைக் கீழ வைக்கிறதுக்கு விதி பதினொண்ணு..." என்று செல்வா பக்கம் புரட்டினான்.

"வச்சிட்டேன் லா" என்றாள். சொன்னது விஜயராணியா வேணியா என்று அவளுக்கே தெரியவில்லை. பவனேஷைப் பார்த்துத் திரும்பினாள். "காவக்காரரே, பசியாறிட்டீங்களா?"

பவனேஷ் நிமிர்ந்தான். அவன் முகம் மெல்ல வேறு முகமாக மாறுவதை அவள் பார்த்தாள். குரலும் தாழ்ந்து, வயதான குரலாக வந்தது. "இல்லம்மா. ஒம்போது மாசமா நிக்கிறேன். யாரும் கேக்கல."

"உங்க பேரு?"

"ஐயாவு."

"நிக்கிறது கால் வலிக்குமே."

"காலு பரவால்லம்மா. நாலு கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறதுதான்." அவன் ஒரு பெருமூச்சு விட்டான். "நீ ஒருத்திதான் கேட்ட. ஒக்காரு."

"உக்காருறேங்க. உள்ள யாரு என்னக் கூப்பிடுறது?"

பவனேஷ் வாயைத் திறந்தான்.

மேசை மணி கணீரென்று அடித்தது. "ஒழுங்குப் பிரச்சினை!" என்று தேவதாஸ் எழுந்து நின்றார். "செயலாளர் அவர்களே, பேசுறதுக்கு விதி இருக்கா?"

சந்திரிகா நூலைப் புரட்டினாள். செல்வாவும் புரட்டினான். எண்பத்தெட்டுப் பக்கத்திலும், ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதற்கு விதி இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் தலைவர். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அது உண்மையான கண்ணீர். "நல்ல வேள. இன்னும் ரெண்டு நிமிசம் விட்டிருந்தா, எந்த விதியும் இல்லாம எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும். அப்புறம் கழகம் எதுக்கு?"

பேச்சு விதி உபகுழு அங்கேயே அமைந்தது. அதன் தலைவராக, பொது உறுப்பினர்கள் சார்பில் விஜயராணி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். விதிகள் வரையப்படும்வரை எந்த வேடமும் எந்த வேடத்திடமும் பேசக் கூடாது என்று இடைக்காலத் தடை போடப்பட்டது. அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது செல்வாவுக்குப் போர்த்தியதுதான், மடித்து வைத்திருந்தார்கள்.

பவனேஷ் திங்கட்கிழமை போய்விட்டான். புதன்கிழமை, இரண்டு லோரிகளுக்கு நடுவில், அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். கதவுக்குப் பின்னால இருந்தது யாரு தம்பி?

சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. "சத்தியமா தெரியாதுக்கா. நான் முன்கூட்டியே யோசிக்க மாட்டேன். நீங்க தொறந்திருந்தா அந்த நிமிசம் எனக்கே தெரிஞ்சிருக்கும்."

அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். அப்படியானால் ஒன்பது மாதமாகக் கூப்பிட்டது யாரும் இல்லை. உள்ளே ஆளே இல்லாத ஒரு குரல். சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். கோபமோ அழுகையோ வரும் என்று காத்திருந்தாள், இரண்டும் வரவில்லை. வெளியே லோரி ஹாரன் அடித்தது. ஒலிபெருக்கியை எடுத்து, "மாசோக்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் தபாலில் நியமன ஏற்புப் படிவம் வந்தது. பெயர், முகவரி, பதவி எல்லாம் எழுதினாள். அடியில் ஒரு கட்டம்: சாட்சி, உடன் வசிப்பவராக இருத்தல் வேண்டும். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் துணி மடித்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்ணைக் கேட்கலாம் என்று நினைத்தாள். அவர் உடன் வசிப்பவர் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, சாட்சியின் பெயர் என்ற இடத்தில் ஐயாவு என்று எழுதினாள். தொழில், காவல். உறவு முறை என்ற இடத்தில் வெகுநேரம் நிறுத்திவிட்டு, 'பழக்கம்' என்று எழுதினாள். நாலு கையில் எந்தக் கையால் அவர் கையெழுத்துப் போடுவார் என்று தெரியவில்லை. தன் இடது கையால் போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மாலை சந்திரிகா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஃபார்ம் கெடச்சிச்சு. எல்லாம் சரியா இருக்கு. சாட்சியோட ஐசி நம்பர் மட்டும் விட்டுட்டீங்க."

"அவருக்கு ஐசி இல்லம்மா."

தோட்டத்துக் குடும்பங்களில் அது புதிய செய்தி அல்ல. சந்திரிகாவின் பெரியப்பாவே அடையாள அட்டை இல்லாமல் செத்துப்போனவர்தான். அவள் குரல் கொஞ்சம் இளகியது. "ஓ. பாவம். மனு போட்டிருக்காரா?"

"ரொம்ப நாளா நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு."

"சரிக்கா, 'நடவடிக்கையில் உள்ளது'ன்னு நான் எழுதிக்கிறேன். வீட்டுலதான இருக்காரு?"

விஜயராணி கூடத்தைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "ஆமாம்மா" என்றாள். "இங்கதான் இருக்காரு."

"நல்லதுக்கா" என்றாள் சந்திரிகா. "இத்தன நாளா நீங்க தனியா இருக்கீங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."